கூட்டிக் கழித்து

மீன் பதனக் கிடங்கில் கச்சேரி.
வட ஐஸ்லாந்தில், பிப்ரவரியில்
ஊர் முழுக்கக் கொள்ளும் கூரை வேறில்லை.
ஒரு அடி தடித்த சுவருக்கு அந்தப் பக்கம்
நாற்பது டன் காட் மீன் உறைந்து கிடக்க
இந்தப் பக்கம் நானும்
இருபத்தைந்து மீட்டர் கேபிளும்.

ஃபேடரை ஏற்றினேன்.
ஊம்ம்ம் என்றது.

கீபோர்டு இன்னும் உறையைவிட்டே வரவில்லை.
கம்ப்ரஸர்தான்.
சுவரைத் தாண்டி அது காதுக்கு எட்டாது.
வயருக்கு எட்டும்.
என் கேபிள் ஒற்றைக் காது அப்பாவி,
வழியில் கேட்டதையெல்லாம்
பாட்டென்று நம்பி
சுமந்து வந்து ஸ்பீக்கரில் கொட்டியது.

"அட, நம்ம மெஷின்!" என்றார் ஆர்ன்கெல்,
இருபது வருடமாக அதற்கு எண்ணெய் போடுபவர்.
"ஒரு மணி நேரம் நிறுத்தலாமா?" என்றேன்.
பச்சைக் குழந்தையை ஒரு மணி நேரம்
மூச்சை அடக்கச் சொன்னதுபோல் பார்த்தார்.

சரி.
நிறுத்த முடியாத இரைச்சலுக்கு ஒரு வழி உண்டு,
அதை இரண்டு பேர் காதிலும் விழ விடுவது.

கீபோர்டிலிருந்து ஒரு முழ வயர்,
வம்பு பேச அதில் இடமில்லை.
பிறகு உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி.
உள்ளே போவது ஒன்று,
வெளியே வருவது இரண்டு.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்,
ஒன்று ஆமென்றால் மற்றது இல்லையென்னும்.
எதிரும் புதிருமாய்
ஒரே உறைக்குள் முறுக்கிக்கொண்டு
இருபத்தைந்து மீட்டர் நடக்கும்.
கம்ப்ரஸர் வந்து
இரண்டிடமும் ஒரே கதையை
ஒரே அளவில் ஓதும்.
என் மேஜைக்கு வந்ததும்
ஒன்றைத் தலைகீழாய்த் திருப்பி
மற்றதோடு சேர்க்கிறேன்.
வம்பும் வம்பும் முட்டிச் சுழியம்.
பாட்டும் பாட்டும் சேர்ந்து இரட்டை.
கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்று
வாயால் சொல்வதை
செம்புக் கம்பி செய்கிறது.

ஃபேடரை ஏற்றினேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்கு
மூன்று மணி நேர வேலை.

அப்புறம் ஸ்வாவா பாட வந்தாள்,
ஷிஃப்ட் முடித்த ரப்பர் பூட்ஸோடு.
இரண்டு மைக், ஒன்று வாயருகே,
ஒன்று கையெட்டும் தூரத்தில்.
தனித்தனியே கேட்டால் இரண்டிலும் அவள்.
சேர்த்துக் கேட்டால்
அடிக்குரல் மொத்தமும் போய்
தகர டப்பாவுக்குள் யாரோ.

இரைச்சலைத் தின்ற அதே கணக்கு
ஆளையும் தின்னும்.

பிளக்கைத் திறந்தேன். என் கைவேலைதான்.
நவம்பரில், விவாகரத்துக் காகிதங்கள்
அதே மேஜையில் கிடந்த இரவு
பற்றவைத்தது.
இரண்டாம் முனையில் மூன்றாவது,
மூன்றில் இரண்டு.
ஆமும் இல்லையும் இடம் மாறியிருந்தன.
அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை,
எதிலும் தெரியவில்லை.

மீன் வெட்டும் மேஜைமேல் ஈயம் உருக்கினேன்.
டார்ச் பிடித்த ஸ்வாவா எதுவும் கேட்கவில்லை.
"மூக்கைப் பொசுக்கிக்கொள்ளாதே"
என்றாள், அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு ஊரே வந்தது,
கம்பளி ஸ்வெட்டர்களின் ஈர வாசனையோடு.
முதல் பாட்டு முடிந்து
கைதட்டலுக்கு முன்னால் ஒரு நொடி.
அந்த நொடியில் ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை.
அதைத்தான் நான் கட்டியிருந்தேன்.
பெருமையோடு நிமிர்ந்தால்
ஆர்ன்கெல் முகம் வெளுத்து
நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு
கதவுக்கு ஓடுகிறார்.

மத்தியானம் முழுக்க
என் ஸ்பீக்கரில் தன் மெஷினைக்
கேட்டுக்கொண்டிருந்த மனுஷர்.

இரண்டாம் பாட்டின் பாதியில் திரும்பி வந்தார்,
புருவத்தில் பனித்தூள்.
உட்காரவில்லை.
சுவரில் உள்ளங்கையை வைத்து
நின்றபடியே கேட்டார்,
கடைசிவரை,
இரண்டையும்.